விளையாத தீங்கு குற்றமாகாதோ?

மாந்தர் தொடுத்த யுத்தத்தினாலே பூமி பிளந்து, எரிமலைகள் ஒருங்கே தீக்கக்கி, கடல் கரையேறி, நாடுகள் அழிந்தன என்னுங் கற்பனைக் கதைகளை இக்காலத்து மாணாக்கர் பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர். அவருள் ஒருவன், "ஐயா, இஃது உண்மையில் நிகழுமோ?" என வினவின், ஆசிரியர் யாது விடை கூறுவது? வினாப் பூமிசாத்திரத்தைச் சார்ந்ததுபோலத் தோன்றினும், அதனுள்ளே அறத்தைப் பற்றிய வினாவொன்றும் அடங்கியிருத்தலை யாம் காண்கின்றோம்.

மெய்யாக நிகழ்ந்த ஒன்றை எடுத்து ஆராய்வாம். அலாஸ்காவைச் சார்ந்த அலூசியன் தீவுகள், நிலவோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து நெருக்குமிடத்தில் அமைந்த எரிமலைத் தீவுகளாம். 1964 மார்ச் 27இல் அலாஸ்காவில் 9.2 அளவான பூகம்பமும் அதனாலெழுந்த பேரலையும் நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தன. அங்ஙனமிருந்தும், சோவியத்து நாட்டோடு பகைமை நிலவிய அந்நாளில், 1971 நவம்பர் 6இல், அமெரிக்க அரசினர் ஏவுகணைகளை எதிர்க்கும் ஆயுதத்தின்பொருட்டு, அத்தீவுகளுள் ஒன்றாகிய அம்சிற்காவின் கீழ் ஏறக்குறைய 1,800 மீற்றர் ஆழத்தில் ஓர் அணுகுண்டை வெடிப்பித்தனர். அது ஹிரோஷிமாவை அழித்த குண்டினும் முந்நூறு மடங்குக்கு மேல் வலியது. பூகம்பமும் பேரலையும் எழுமென்று பலர் அஞ்சித் தடுக்க முயன்றனர். உச்ச நீதிமன்றமோ, நால்வர்க்கு மூவர் என்ற அளவில் தடைவிதிக்க மறுத்தது.

தீவு குலுங்கிற்று, பாறைகள் சரிந்தன, கடல்நீர்நாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டன. ஆயின், அஞ்சிய பெரும் பூகம்பமும் பேரலையும் வந்தில. நெடுங்காலமாக நிலவோடுகளிற் சேரும் அழுத்தத்தின் முன் மனிதர் குண்டு சிறிதேயாம்.

"தீங்கு விளையாமையின் குற்றமில்லை, வல்லுநர் கணித்தே செய்தனர், அணுசக்தி ஆணைக்குழுத் தலைவர் சிலெசிஞர் தம் மனைவியையும் புதல்வியர் இருவரையும் அத்தீவுக்கு உடனழைத்துச் சென்றாரன்றோ?" என்பார் உளர். அவரது நம்பிக்கையை யாம் ஐயுறேம். ஆயினும், தம்மையும் தம்மவரையும் பணயம் வைத்தல் ஒருவரது துணிவைக் காட்டுமேயன்றி, உடன்படாத பிறரைப் பணயம் வைக்கும் உரிமையைத் தாராது. சந்தை கூடிய தெருவிலே கண்ணை மூடிக்கொண்டு வண்டியை விரைந்து ஓட்டியவன் ஒருவரையும் மோதாது சென்றானாயின், பிழைத்தவர் தெருவினரே; அவன் குற்றமற்றவனாகான்.

"ஐயப்பாடில்லாத செயல் உலகில் உண்டோ?" எனின், இல்லை. கிணறு வெட்டுவோனுக்கும் ஐயப்பாடு உண்டு. ஐயமுள்ள செயலனைத்துந் தீதென்று யாம் கூறேம். மீட்கவொண்ணாத கேட்டினை, உடன்படாதார் தலைமேல், அழிவுக்கருவியைப் பெருக்குதற்பொருட்டு ஏற்றுதலே தீதென்கின்றோம்.

உலகமும் இதனை ஒருவாறு உணர்ந்தது. இயற்கையை மாற்றிப் போர்க்கருவியாக்குதலை விலக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1976இல் ஏற்றது. 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. இயற்கையை மாற்றுதலால் நிகழக்கூடியனவாகப் பூகம்பமும் கடற்பேரலையும் அதன் விளக்கத்தில் எண்ணப்பட்டன. பூகம்பத்தைப் படைக்கலமாக ஏவ வல்லார் அன்று ஒருவருமிலர், எனினும் விலக்கினர். தீமை விளைவில் மாத்திரமன்று, நினைவிலும் துணிவிலுமே தொடங்குவதென்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஆதலின், ஆசிரியர்காள், வினவும் மாணாக்கனுக்கு இரு விடைகளையும் கூறுமின். கதையிற் கண்டவாறு உலகனைத்தும் பிளவாது என்பது ஒன்று; பிளவாமையாற் குண்டினர் தூயராகார் என்பது மற்றொன்று. முன்னையதை மாத்திரங் கற்றவன் அச்சம் நீங்குவான். பின்னையதையுங் கற்றவனே தன் கையில் வலிமை வந்தெய்துங்கால் அடங்கி நிற்பான்.