மாற்றிய தண்டு

கப்பலைத் திருப்பும் கருவிக்குச் ‘சுக்கான்’ என்று பெயர். அரபு மொழியிலிருந்து கடல்வழியே வந்து தமிழோடு கலந்துவிட்ட சொல் அது. கரையூர்களில் அதனை அயற்சொல்லென்று எண்ணுவார் இன்று எவருமிலர். மோட்டார் வண்டி வந்தபோது அதன் திருப்புகருவிக்கும் இச்சொல்லையே கொடுத்திருக்கலாம்; கொடுக்கவில்லை, ‘ஸ்டியரிங்’ என்றே வழங்கிவிட்டோம். பெயர் எதுவாயினும் ஒருவர் கையசைவில் பலருடைய உயிர் திசை திரும்புகிறது. அக்கருவியின் தண்டினை மாற்றலாமா கூடாதா என்பது பணிமனையில் கேட்கப்படும் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் அதனுள் அறஞ்சார்ந்த கேள்வியொன்று ஒளிந்திருத்தலால் அதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தார் 1964 ஏப்ரலில் ‘மஸ்டாங்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் 1965, 1966-ஆம் ஆண்டு வார்ப்புகளை இன்று பலர் பொன்போலப் போற்றி வைத்துள்ளனர். அவ்வண்டிகளில் கைச்சக்கரத்திலிருந்து முன்னேயுள்ள பற்சக்கரப் பெட்டி வரை ஒரே நீண்ட எஃகுத் தண்டு ஓடுகிறது. எதிரே மோதி முன்பக்கம் நசுங்குமாயின், மடங்கவோ சுருங்கவோ வழியற்ற அத்தண்டு ஓட்டுபவரின் மார்பை நோக்கிப் பின்னே பாயும். அக்காலத்து வண்டிகள் பலவற்றிற்கும் இதே குறை இருந்தது. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் வண்டி செய்வோரின் பொறுப்பின்மையைச் சாடியபோது இத்தண்டின் தீங்கினையும் எடுத்துக்காட்டியது.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1967-ஆம் ஆண்டு வார்ப்புகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் சுருங்கும் தண்டினைப் பொருத்தினர். தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு துண்டுகளாக ஆயிற்று. அவற்றைப் பிணைத்து நிற்பவை சிறு பிளாஸ்டிக் முளைகள். வெளியுறையோ வலைபோலத் துளையிட்ட எஃகு. மோதலின்போது முளைகள் முறியும், உறை கசங்கும், தண்டு தன்னுள் தானே ஒடுங்கும். 1968 சனவரி முதல் நாளிலிருந்து அமெரிக்கக் கூட்டரசு இதனை விதியாக்கியது. மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதினும் தண்டு 5 அங்குலத்திற்கு மேல் பின்வாங்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. இம்மாற்றம் முன்பக்க மோதல்களில் ஓட்டுபவரின் மரணத்தை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைத்தது என்று அந்நாட்டு அரசின் துறையொன்று 1981-இல் மதிப்பிட்டது. உரிய நேரத்தில் முறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்! உறுதியை மட்டுமே நற்பண்பாகக் கருதிப் பழகிய நம் மனம் இதனை ஏற்கச் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

இப்போது வினாவுக்கு வருவோம். பழைய மஸ்டாங்கை உடையவர் அதன் ஈட்டித் தண்டினைக் கழற்றிச் சுருங்கும் தண்டினைப் பொருத்தலாமா? பொருத்திய பின் அது அதே வண்டிதானா?

இரண்டாவது கேள்வி மிகப் பழையது. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்ததையும், அஃது அதே கப்பலா வேறா என்று அறிஞர்கள் வழக்காடியதையும் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். நம் கல்விக்கூடங்களில் கலாம் கலை பயின்றோர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். பொருளின் பண்புகள் இரு கணங்கள் நிலைத்திரா, கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்பது அஷ்அரிய்யா அறிஞர்களின் கொள்கை. அந்தக் கண்கொண்டு நோக்கின், தண்டினை மாற்றாதவரின் வண்டியும் நேற்றைய வண்டியாகவே இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. வெயிலும் துருவும் ஒருவரிடமும் அனுமதி கேட்பதில்லையே. டயரும் பேட்டரியும் எத்தனை முறை மாறியிருக்கும்! அவற்றைக் குறித்து எவரும் வழக்காடியதில்லை.

‘அசல்’ என்பது இரும்பில் ஒட்டியிருக்கும் ஒரு குணமன்று என்பதே நம் கருத்து. அது வண்டியைப் பற்றி மனிதர் சொல்லும் ஒரு சொல். சொல்லாதலின் அதற்கு உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. தண்டினை மாற்றியவர் பொய் சொன்னவராகார். மாற்றியதை மறைத்தவரே பொய் சொன்னவர்.

“எம் தந்தையார் இதே தண்டோடு முப்பதாண்டு ஓட்டினார், ஒன்றும் நேரவில்லை” என்பார் உண்டு. இச்சான்றை நாம் ஏற்பதற்கில்லை. தண்டு மார்பில் பாய்ந்தவர் எழுந்து வந்து மறுசாட்சி சொல்லப் போவதில்லையாதலால், இவ்வழக்கில் ஒரு கட்சியின் குரல் மட்டுமே எப்போதும் கேட்கும். முன்னோர் பொருளுக்குச் செய்யும் மரியாதை இது என்பாருக்கும் ஒன்று சொல்வோம்: அவ்வண்டியை வரைந்தவர்களின் தொழிலே சில ஆண்டுகளில் அந்த முறையைக் கைவிட்டது. அவர்கள் விட்டதை நாம் பிடித்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு மரியாதையாகுமா?

தன்னுயிரைப் பொறுத்தவரை ஒருவர் துணிந்து முடிவு செய்யலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் ஊரைச் சுற்றிவர மட்டுமே எடுப்பேன் என்பவர், தோள்பட்டைவார் பூட்டிக்கொண்டு ஓட்டட்டும். ஆனால் அதே இருக்கையில் தம் மகனை அமர்த்தும்போது நிலை வேறாகிறது. பிறருயிர் நம் கையில் அமானிதம். அந்தத் தண்டின் தன்மை இன்னதென்று சொல்லாமல் சாவியைக் கொடுப்பவர், அன்பினால் கொடுத்தாலும், அமானிதத்தில் குறை செய்தவரே.

இனி, மாற்றத் துணிந்தவர் கவனிக்க வேண்டியது. அந்த மஸ்டாங்கில் தண்டும் பற்சக்கரப் பெட்டியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஆகவே சிலர் பழைய தண்டினை இடையில் அறுத்து இணைப்புக் கொடுக்கின்றனர். வேறு சிலர் பெட்டியையே முழுதாகக் கழற்றிவிட்டு, பின்வந்த ஆண்டுகளின் குட்டைத் தண்டுப் பெட்டியைப் பொருத்துகின்றனர். இரண்டாவது வழியையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். அறுத்ததை மீண்டும் முழுதாக்க இயலாது. கழற்றியதை என்றேனும் பூட்டலாம். அன்றியும், கைதேராதவர் வைத்த பற்றவைப்பு ஓடும்போது விட்டுப்போனால் வண்டி திரும்பவே திரும்பாது. அதனினும் பழைய ஈட்டியே மேல். பழைய வண்டிக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற தூரின் சாசனமும், மாற்றங்கள் மீளத் திருத்தக்கூடியனவாக இருக்கவேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் சுருங்கும் தண்டுகளைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை. கைச்சக்கரத்தை இழுப்பான் கொண்டு கழற்றாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றியிருந்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் முளைகள் முன்னரே முறிந்திருக்கும். வெளித்தோற்றத்தில் பழுதொன்றும் தெரியாது. காப்பதற்கென்று வாங்கியது காவாமலே போகும்.

விற்பனையில் மறைந்துள்ள குறையை நம் சட்ட நூல்கள் ‘அய்பு’ என்பர். குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமையுண்டு என்றும் வகுத்தன. இங்கே விந்தை என்னவெனில் குறை இருபுறமும் வரக்கூடும். பழமை நாடி வருபவருக்கு மாற்றிய தண்டு அய்பு. பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வாங்குபவருக்கு மாற்றாத தண்டு அய்பு. எவர் எதற்காக வாங்குகிறார் என்பதை விற்பவர் முன்கூட்டி அறிவதெங்ஙனம்? இரண்டையும் சொல்லிவிடுவதே வழி. கழற்றிய தண்டினைப் பெட்டியோடு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, எந்த ஆண்டில் எவர் கையால் கழற்றப்பட்டது, மாற்றாக எது பொருத்தப்பட்டது என்று எழுதிய சீட்டையும் அதனோடு கட்டி, வண்டியின் பின்பெட்டியில் வைத்துச் சாவியோடு ஒப்படைக்கட்டும். மீண்டும் பூட்டுவதும் பூட்டாமல் விடுவதும் வாங்கியவர் பொறுப்பு.