இல்லாளின் உடல்நலமும் அமானிதமே



சர்க்கரை வியாதியுள்ள மனைவிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். வைத்தியர் நடக்கச் சொன்னால், "அடுப்படி வேலையே போதாதா?" என்கிறோம். மனைவியுடன் வீதியில் நடக்க வெட்கப்படுகிறோம்! நாயகம் (ஸல்) அவர்களோ பிரயாணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமே ஓடினார்கள். முதலில் அன்னை முந்தினார்கள். பின்னொரு சமயம், அன்னையின் உடல் கனத்தபின், நாயகம் முந்தினார்கள்.

எவ்வளவு நடப்பது? பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமேனும் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அசருக்குப் பின் அரைமணி நேரம், வாரம் 5 நாள் நடந்தால் கணக்கு நேராகிவிடும். இயலாதவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடமும் நன்மையே.

இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரை கொடுங்கள். செருப்பின்றி நடக்க விடாதீர்கள். திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள். மரத்த காலில் புண் வந்தாலும் வலி தெரியாது.

மூட்டுவலியும் உண்டா? நாற்காலியில் அமர்ந்தே கைகால்களை அசைக்கட்டும். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி தந்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். தொழுகையிலேயே சக்திக்கேற்ற சலுகை இருக்க, உடற்பயிற்சியில் அவளை வதைக்கலாமா? முற்றிலும் கைவிடத்தான் தகுமா?

"நட" என்று ஏவுவது எளிது. உடன் நடப்பதே துணை. அதற்கு வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.