இரண்டு அதிகாரங்கள்

இன்று உலகிலுள்ள வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்ற ஒரே மென்பொருளின்மேல் நிற்கின்றன. அந்த மென்பொருளுக்கு விலை கிடையாது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு தளத்தைத் தொடங்கி, கட்டுரை ஏற்றி, படம் சேர்த்து, பழையதைத் திருத்தி நடத்திக்கொள்ள உதவும் இத்தகைய மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்கிறார்கள். ட்ரூபலும் ஜூம்லாவும் இதே வகை; அவையும் விலையின்றிக் கிடைப்பவை; ஆனால் அவற்றின் பங்கு இன்று ஓரிரு சதவீதம்தான். 2011-இல் 13 சதவீத அளவில் இருந்த வேர்ட்பிரஸோ 2015 நவம்பரில் 25-ஐத் தாண்டி, இப்போது 43-ஐ ஒட்டி நிற்பதாக, வலைத்தள மென்பொருள்களைக் கணக்கெடுக்கும் டபிள்யூ3டெக்ஸின் கணிப்பு காட்டுகிறது. மனிதர் மனிதருக்கு விலையின்றிக் கொடுத்தவற்றில் இவ்வளவு தூரம் பரவியவை குறைவு. அந்தக் கொடையின்மேல் 2024-இல் ஒரு வழக்கு மூண்டபோது மிகப் பழைய கேள்வி ஒன்று புதிய உடையில் வந்து நின்றது. கொடுத்தவர், பெற்றவரிடம் கைம்மாறு கேட்கலாமா? கொடை நன்றிக்கடனை உண்டாக்கும். ஆனால் அந்தக் கடனை வசூலிக்கும் உரிமையை அது கொடுத்தவருக்குத் தராது என்பதே என் பதில்.

நடந்தது இது. வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் தலைவருமான மேட் முல்லன்வெக், 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த வேர்ட்கேம்ப் மாநாட்டு மேடையில் டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்தைக் கடுமையாகச் சாடினார். வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சர்வரில் இடம் கொடுத்துப் பராமரிப்பது அந்நிறுவனத்தின் தொழில். சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம் 2018-இல் அதில் 25 கோடி டாலர் போட்டிருந்தது. பொதுக்குளத்திலிருந்து அள்ளிக்கொள்கிறார்கள், குளத்துக்கு எதுவும் செய்வதில்லை என்பதே முல்லன்வெக்கின் குற்றச்சாட்டின் சாரம். ஆட்டோமேட்டிக் ஊழியர்கள் வாரத்துக்கு 3,000 மணி நேரத்துக்கும் மேல் பொது மென்பொருளுக்காக உழைக்க, அந்நிறுவனம் தருவது 40 மணி நேர அளவுதான் என்று அவர் கணக்குக் காட்டினார். வணிகப் பெயருக்கான உரிமக் கட்டணம் என்று வருவாயில் 8 சதவீதம் கேட்கப்பட்டது. பணமாகத் தரலாம், ஊழியர் உழைப்பாகவும் தரலாம். அந்நிறுவனம் இணங்கவில்லை. செப்டம்பர் 25-இல், மென்பொருளின் புதுப்பிப்புகளை வழங்கும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தின் சேவைகள் அதற்கு அடைக்கப்பட்டன. அக்டோபர் 2-இல் அது வழக்குத் தொடுத்தது. டிசம்பர் 10-இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், அடைத்ததைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால ஆணை பிறப்பித்தது. சட்டத்தின் கேள்விகளைச் சட்டம் தீர்த்துக்கொள்ளும். அதற்குள் அடங்காத அறக்கேள்வி நம் முன் இருக்கிறது.

சமயங்கள் இதை நெடுங்காலமாக எண்ணிப் பார்த்திருக்கின்றன. கீதையின் பதினேழாம் அத்தியாயம், கைம்மாறு செய்யாதவருக்கும் கடமை என்று கருதித் தருவதைச் சாத்விகக் கொடை என்கிறது. பதிலுதவியை எண்ணித் தருவதை ஒரு படி கீழே வைக்கிறது. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பவர்கள், பிரதிபலன் வேண்டாததோடு நன்றியும் வேண்டாதவர்களாக வருகிறார்கள். புறநானூற்றில் முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதையே வணிகம் என்று ஒதுக்குகிறார். குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் மழையை எடுத்துக்காட்டி இதையே சொல்கிறது. ஆனால் அதே குறளில் செய்ந்நன்றியறிதல் என்றோர் அதிகாரமும் உண்டு. பெற்ற உதவியை மறப்பதை அதைவிடக் கடுமையாகக் கண்டித்த இடம் தமிழில் அரிது. கைம்மாறு வேண்டாம் என்பதும், நன்றி மறப்பது மன்னிக்க முடியாதது என்பதும் ஒரே நூலில் எப்படி இருக்கலாம்? இருக்கலாம்; ஏனென்றால் இரண்டும் இரண்டு பேருக்குச் சொன்னவை. முன்னது கொடுப்பவருக்கு, பின்னது பெற்றவருக்கு. பெற்றவருக்கு எழுதிய அதிகாரத்தைக் கொடுத்தவர் கையில் எடுத்துக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினால், அதிகாரம் என்ற சொல்லின் மற்றப் பொருள்தான் அங்கே மிஞ்சுகிறது.

இது உலக நடப்பு அறியாத பேச்சு என்று மானுடவியலாளர் ஒருவர் குறுக்கிடலாம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் மூன்றுமே கடமைகள் என்றார். திரும்பாத கொடை என்று ஒன்று சமூகத்தில் இல்லை என்பதை நோக்கி அவர் வாதம் போகிறது. நம் ஊரிலேயே அதற்குச் சாட்சி உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்து மொய்விருந்தில் இலை போடும்போதே நோட்டும் விரிகிறது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதப்படுகிறது. அடுத்த முறை அது திரும்பியாக வேண்டும், கொஞ்சம் கூடுதலாக. இதில் இழிவு ஏதும் இல்லை. அவசரத்துக்குக் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் மொய்யின் நேர்மை அந்த நோட்டில் இருக்கிறது. கொடுக்கிற நேரத்திலேயே அது எல்லார் கண்ணிலும் படும்படி விரிந்திருக்கிறது. வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். ஆகவே மோஸ் சொல்வதை முழுதும் ஏற்றாலும் என் வாதம் குலையாது. திரும்ப வேண்டும் என்று எண்ணிக் கொடுப்பது குற்றமில்லை. தானம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பெற்றவர் செழித்தபின் மொய் நோட்டை எடுத்து நீட்டுவதுதான் குற்றம்.

வேர்ட்பிரஸ் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதல் வடிவத்தையும் 1991-இல் இரண்டாம் வடிவத்தையும் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அது வருகிறது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், காசுக்கும் விற்கலாம் என்று அந்த உரிமம் அனுமதிக்கிறது. அது விதிக்கும் முக்கியமான கடமை ஒன்று: மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தோடு கொடு. அந்தக் கடமை போகும் திசையைக் கவனிக்க வேண்டும். அது கொடுத்தவரை நோக்கித் திரும்பிப் போகவில்லை, அடுத்துப் பெறப்போகிறவரை நோக்கிப் போகிறது. பெற்றோருக்குப் பட்ட கடனைப் பிள்ளைகளிடம் தீர்ப்பது போன்ற ஏற்பாடு. வருவாயில் பங்கு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அந்த உரிமத்தில் ஒரு வரி கிடையாது. 2014-இல் முல்லன்வெக்கே, வேர்ட்பிரஸால் வளரும் நிறுவனங்கள் தம் ஆட்களில் 5 சதவீதத்தைப் பொதுப்பணிக்கு ஒதுக்கலாமே என்று எழுதினார். அது வேண்டுகோள்; நல்ல வேண்டுகோள். வேண்டுகோளுக்கு இணங்காதவரைக் கஞ்சர் என்று சொல்லலாம். கடன்காரர் என்று சொல்ல முடியாது.

இதற்கு வலுவான முதல் மறுப்பு: எல்லாரும் அள்ளி யாரும் தூர்வாராவிட்டால் ஏரி என்ன ஆகும்? உண்மைதான். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே காத்துவந்தார்கள் என்பதும், ஆண்டுக்கு அதற்கு வந்த நன்கொடை 2,000 டாலர் அளவுதான் என்பதும் தெரியவந்தது. கோடிகளில் புரண்ட நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. நன்றி மறப்பது வெறும் பண்புக் குறை அல்ல, அது கட்டடத்தையே ஆட்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஏரியைத் தூர்வார வைத்தது எது என்று பார்த்தால், குளம் வெட்டியவரின் கோபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாசனம் பெறுவோர் கூடிப் பேசி, வீட்டுக்கு இத்தனை ஆள் என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டதால்தான் ஏரிகள் பிழைத்தன. பொதுவளங்களைக் காக்கும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் கண்டதும் அதுவே: பயன்படுத்துவோரே பங்கேற்று ஆக்கிய விதி நிலைக்கிறது. ஒருவர் தம் கணக்கில் ஒருவருக்கு மட்டும் போடும் வரி அத்தகைய விதி ஆகாது. குறை உண்மையானது என்பதால் மருந்தும் சரி என்று ஆகிவிடாது.

இரண்டாம் மறுப்பு நுட்பமானது. நிரலைத்தான் கொடுத்தார்கள், பெயரைக் கொடுக்கவில்லையே? இது நியாயம். கோயில் அன்னதானத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்காகக் கோயில் பெயரைப் பலகையில் எழுதி ஓட்டல் நடத்த முடியாது. வேர்ட்பிரஸ் என்ற பெயர் 2010-இல் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமம் ஆட்டோமேட்டிக்கிடம் இருக்கிறது. பெயருக்கு விலை கேட்பது திருட்டு அல்ல. ஆனால் கேட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். பெயருக்கான கட்டணம் என்றால், அதன் அளவு பெயரால் கிடைத்த ஆதாயத்தைப் பொறுத்தது. பொதுப்பணியில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதற்கும் அதற்கும் உறவில்லை. இங்கே குற்றச்சாட்டு நன்றியின்மை. கேட்ட கட்டணம் பெயருக்கு. அதை உழைப்பாகவும் கட்டலாம் என்றார்கள். நன்றியின் கணக்கைப் பெயரின் ரசீதில் எழுதியதால் இரண்டுமே தெளிவிழந்தன. பெயர் உரிமை மட்டுமே சிக்கல் என்றால் அதைப் பெயர் உரிமையாகவே வழக்காடியிருக்கலாம்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது, இவ்வளவு பரவியதால் எழும் கேள்வியும் அதற்குள் இருக்கிறது. நேற்றுக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது, சரி. நாளைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? மென்பொருளின் புதுப்பிப்புகளும், அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் ஏறத்தாழ 60,000 செருகுநிரல்களும் முல்லன்வெக் தம் பொறுப்பில் நடத்தும் தளத்தின் வழியாகவே வருகின்றன. தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் இந்தக் கோடையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றால் தடுக்க யாருக்கு உரிமை? பொதுவாக, யாருக்கும் இல்லை. ஆனால் பந்தல் தண்ணீரை நம்பி ஊரே கிணற்றை மூடிவிட்டதென்றும், அதை நம்பச் சொல்லி இருபது ஆண்டு அழைத்தவர் பந்தல் வைத்தவரேயென்றும் வைத்துக்கொண்டால், விடை அவ்வளவு எளிதில்லை. அழைப்பை ஏற்று வந்தவரின் சார்பு, அழைத்தவரின் சுதந்திரத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. நிறுத்தலாம், ஆனால் முன்னறிவிப்போடு, எல்லார்க்கும் ஒரே விதியாக நிறுத்த வேண்டும். 2024-இல் அடைபட்ட வழியால் முதலில் தவித்தது அந்த நிறுவனமல்ல. அதனிடம் தளம் வைத்திருந்த கடைக்காரர்களும் சிறு அமைப்புகளும். அக்டோபர் 12-இல் அந்நிறுவனத்தின் பெயர்பெற்ற செருகுநிரல் ஒன்று பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பொதுப் பட்டியலில் வேறு பெயருக்கு மாற்றப்பட்டபோது, சண்டையில் பங்கில்லாதவர்களின் தளங்களிலும் மாற்றம் இறங்கியது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று என்ற எண் கொடுத்தவருக்குப் பெருமை. அதே எண்தான் அவர் கையைக் கட்டும் கயிறும்.

அந்த எண் எப்படி வந்தது என்பதையும் எண்ண வேண்டும். 2004 மே மாதத்தில், அன்று முன்னணியில் இருந்த மூவபிள் டைப் மென்பொருள் தன் மூன்றாம் பதிப்பின் உரிம விதிகளை இறுக்கி விலை வைத்தது. மனம் கசந்த பயனர்கள் கூட்டமாக வேர்ட்பிரஸுக்கு வந்தார்கள். பின்னாளில் கணக்கு நீட்டாத இடம் என்ற நம்பிக்கையே அவர்களை இழுத்தது. அந்த நம்பிக்கையின்மேல் ஏறித்தான் ஆட்டோமேட்டிக்கும் செல்வம் சேர்த்தது. அதாவது கைம்மாறு வராமல் இல்லை, கேட்காததால் வந்தது.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் பிரான்சைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற மென்பொருள் இருக்கிறது. அதன் வளர்ச்சி நின்றுபோன 2003 ஜனவரியில், பத்தொன்பது வயது முல்லன்வெக் அதை எடுத்துத் தொடரலாமா என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் நானும் வருகிறேன் என்றார். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை. பி2-வும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. மே 27-இல் வெளிவந்த முதல் வேர்ட்பிரஸ், விலையோ விழுக்காடோ இன்றிப் பெற்ற அந்த நிரலின்மேல் கட்டப்பட்டது. டபிள்யூபி எஞ்சின் நன்றியுள்ள நிறுவனமா என்ற கேள்விக்கு அதன் நிர்வாகிகள்தாம், தங்களுக்கென எழுதப்பட்ட அதிகாரத்தைத் தாங்களே படித்துப் பதில் தேட வேண்டும். அவர்களுக்கு அதைப் படித்துக்காட்ட எழுந்தவர், வால்ட்ரிகியின் முன்னால் தாமும் அதே அதிகாரத்துக்கு உரியவர்.