மருத்துவர் கைவிரித்த பின்னர்

 

“இனி எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? உறவினர்கள் ஓடி வருகிறார்கள், அழுகிறார்கள். சில நாட்களில் ஒவ்வொருவராகக் கலைந்து போகிறார்கள். நோயாளியும், அவருக்குப் பணிவிடை செய்யும் மனைவியோ மருமகளோதான் மிஞ்சுகிறார்கள். நோயைக் குணப்படுத்தும் முயற்சிதான் முடிந்தது. நோயாளியைப் பேணும் கடமை முடியவில்லை. இதை நாம் மறந்துவிடுகிறோம்.

சில காலத்திற்கு முன்பு, புற்றுநோயால் படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். வலி தாங்காமல் முனகிக் கொண்டிருந்தார். “ஸபூர் செய்யுங்கள் மாமா, முனகினால் நன்மை போய்விடும்” என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர். டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. “அது போதை மருந்தாமே, ஹராமில்லையா?” என்று மகன் நம்மிடம் கேட்டார். நாம் தெளிவாக ஏதும் சொல்லாமல், துஆச் செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். மார்க்கம் அறிந்தவரிடம் விசாரித்துத் தெளிந்து மூன்றாம் நாள் போனபோது வாசலில் சந்தூக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் வலியோடு கழித்த அந்த இரண்டு இரவுகளுக்கு நாமும் பொறுப்பல்லவா? அந்த உறுத்தலால்தான் இதை எழுதுகிறோம்.

முனகுவது ஸபூருக்கு மாற்றமா? நபி அய்யூப் (அலை) அவர்கள் பொறுமைக்கே இலக்கணமானவர்கள். அவர்களே தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்று இறைவனிடம் முறையிட்டதைத் திருமறை எடுத்துரைக்கிறது. நம் நாயகம் (ஸல்) அவர்களும் தலைவலியால் வருந்தியபோது அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இறைவனைக் குறை கூறுவதுதான் தவறு. வலிக்கிறது என்று சொல்வது தவறாகாது.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல், பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற விரும்பினார்கள். மற்ற மனைவியர் அதற்கு இணங்கினர். காய்ச்சல் கடுமையானபோது ஏழு தோல் பைகளின் நீரைத் தம்மீது ஊற்றச் சொன்னார்கள். இறுதி நேரத்தில் அன்னையவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். மிஸ்வாக்கை அவர்கள் விரும்புவதைப் பார்வையிலேயே உணர்ந்த அன்னையவர்கள், அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். பாத்திரத்து நீரில் கை நனைத்து முகத்தைத் தடவிக் கொண்டார்கள். நோயாளியின் விருப்பப்படி இடம், உடல் வெப்பம் தணிய நீர், வாய்க்குச் சுத்தம், சாய்ந்து கொள்ள ஓர் ஆள்! குணமாக்க முடியாத நிலையிலும் செய்வதற்கு எவ்வளவு இருக்கிறது பார்த்தீர்களா?

இன்று மருத்துவ உலகம் இதனை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நோயாளியின் வலி உடலில் மட்டுமன்று, உள்ளத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்று அவர் வற்புறுத்தினார். 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வெளியிட்டது. கடும் வலிக்கு அதில் கூறப்பட்ட மருந்து மார்ஃபின்தான்.

அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாங்க முடியாத வலிக்கு வேறு மருந்து போதாதபோது, மருத்துவர் குறித்த அளவில் கொடுப்பதை நிர்ப்பந்தத்தின் சலுகையாக உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டுக் கொள்ள வேண்டும். உயிரைப் போக்கும் எண்ணத்தில் எதைக் கொடுப்பதும் ஹராம். வலியைத் தணிப்பது அதுவன்று. வலி தணிந்தவரல்லவா நிம்மதியாக திக்ரு செய்வார்?

வணக்கத்திலும் மார்க்கம் நோயாளியை நெருக்கவில்லை. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்தபடியே சைகையால் தொழலாம். தண்ணீர் கேடு செய்யுமானால் தயம்மும் உண்டு. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர், “நான் நஜீஸாகிவிட்டேன், எனக்குத் தொழுகை ஏது?” என்று அழ வேண்டியதில்லை. வக்து வந்ததும் உளூச் செய்து தொழ அவருக்குச் சலுகை உண்டு. குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் நோன்புக்குப் பகரமாக ஃபித்யா கொடுக்கலாம். விவரங்களை உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டு நோயாளிக்குச் சொல்லுங்கள்.

வஸிய்யத் பற்றிப் பேசினாலே மௌத்தை அழைப்பதாக நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் கடும் நோயுற்ற ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அங்கேயே சொத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்யலாகாது என்ற சட்டம் அந்தப் படுக்கையருகேதான் விளக்கப்பட்டது. ஸஅது (ரலி) அவர்களோ குணமடைந்து நெடுங்காலம் வாழ்ந்தார்கள்! கேட்கும் நோயாளியிடம் உண்மையை மென்மையாகச் சொல்லுங்கள். கடனைத் தீர்க்கவும், மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு அவகாசம் வேண்டாமா?

பணிவிடை செய்பவர்களின் தகுதி என்ன? கி.பி. 624இல் பத்ருக்குப் படை புறப்பட்டபோது, நோயுற்றிருந்த தம் மகளார் ருகையா (ரலி) அவர்களைக் கவனித்துக் கொள்ளுமாறு மருமகனார் உதுமான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே நிறுத்தினார்கள். பத்ரில் கலந்து கொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டென்றும் அறிவித்தார்கள். ருகையா (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. ஆயினும் கணவரின் பணிவிடை வீணாகவில்லை. கணவருக்கு மலம் அள்ளும் மனைவியே, மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும் மருமகளே, இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸ் சகோதரியே! உங்கள் உழைப்பும் வீணாகாது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கு ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார் என வரலாறு கூறுகிறது.

ஆனால் பணிவிடை செய்பவரும் மனிதரே. அவருக்கும் தூக்கம் வேண்டும், பசிக்கும். ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மையித்து வீட்டுக்குச் சோறு அனுப்பும் நாம், நோயாளி வீட்டுக்கும் அனுப்பலாமே!

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, சிறுசிறு தொகை சேர்த்து, நர்ஸுடன் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இச்சேவை சேர்க்கப்பட்டது.

நம் மஹல்லாவில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று ஜமாஅத்தாருக்குத் தெரியுமா? ஒரு பட்டியல் எழுதுங்கள். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் நோயாளியருகே இருந்து, வீட்டாரை உறங்க விடுங்கள். ஜனாஸாவைச் சுமக்க முந்தும் தோள்கள், உயிருள்ளவரைத் தூக்கி உட்கார வைக்கவும் முந்தட்டும்.

யா அல்லாஹ்! நோயாளிகளின் வேதனையைத் தணிப்பாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்கு வலுவைத் தருவாயாக! எங்கள் இறுதி நேரத்தை இலேசாக்குவாயாக! ஆமீன்.