சூரைச்செடியின் நிழல்

போதும் ஆண்டவரே என்று சொல்லிப் படுத்துவிடுவது விசுவாசம் தீர்ந்துபோனதற்கு அடையாளம் அல்ல. கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசியே அப்படிச் சொல்லித்தான் சூரைச்செடியின் கீழ் படுத்தார். வந்த தூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். படுக்கவும் விட்டார் ஆண்டவர். வேதத்தில் என் மனம் அடிக்கடி போய் நிற்கும் இடம் இது. சோர்ந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் புத்திமதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் சூடாக ஏதாவது கொண்டுபோங்கள், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தூதன் எலியாவை இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் பயணத்தைப் பற்றிய பேச்சே வந்தது. அந்தச் சாப்பாட்டின் பலத்தில், இரவும் பகலுமாக 40 நாள், ஓரேப் மலைவரை நடந்தார் எலியா.