நோயாளியின் சொல்லைக் குறைத்து நிறுக்காதீர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நாம் ஆலிம் அல்லோம். ஓதுபள்ளியில் ஓதி, ஆரம்பப் பாடசாலையில் படித்து, மீதியைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றோம். ஆகவே தராசுக்குத் தெரிந்ததைக் கொண்டே இங்கே பேசுகிறோம்.

குர்ஆன் ஷரீபின் 83-வது சூராவான முதஃப்பிஃபீன், அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிப்பது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களை அல்லாஹ் அதிலே கடிந்துரைக்கிறான். இதைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம் கடைத் தராசை நினைத்துக்கொள்வோம். நிறுவை சரி, முத்திரையும் சரி என்று மனம் ஆறுதல் கொள்ளும். ஆனால் அரிசியும் பருப்பும் மட்டுமா நிறுக்கப்படுகின்றன? வீட்டில் ஒருவர் தமக்கு முடியவில்லை என்று சொல்லும் சொல்லையும் நாம் நிறுத்துப் பார்க்கிறோம். அந்த நிறுவையில் நாம் குறைத்த கதையை, வீட்டாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.

நம் வீட்டாருக்கு 2019-ஆம் வருடம் தைராய்டு சுரப்புக் குறைவு என்று டாக்டர் கண்டார். தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும் ஒரு சிறு சுரப்பி. அதன் சுரப்பு குறைந்தால் சரீரத்தின் அடுப்பே தணிந்துவிடும். குளிர் தாங்காது, மலம் கட்டும், முடி கொட்டும், முகம் ஊதும், மறதி வரும். எத்தனை நேரம் உறங்கினாலும் அசதி தீராது. பினாங்கு வெயிலில் நாம் காற்றாடியைத் தேட, அவர் போர்வையைத் தேடுவார். டாக்டர் லெவோதைராக்சின் மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ‘நார்மல்’ என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். நம் உம்மா பாயசம் காய்ச்சினார்கள்.

ஆனால் அசதி போகவில்லை. ஸுப்ஹுக்கு அவரை இரண்டு மூன்று தடவை எழுப்ப வேண்டியிருந்தது. “சீட்டிலே ஒண்ணுமில்லையாமே, பின்னே என்ன படுக்கை?” என்று உம்மா கேட்டார்கள். நாமும் மறுத்துப் பேசவில்லை. இரவில் கடன் புத்தகம் எழுதுவது வீட்டாரின் வேலை. ஒரு நாள் ஒரே வாடிக்கைக்காரரின் பற்றை இரண்டு தடவை எழுதிவிட்டார். அந்த மனிதர் நாலு பேர் முன்னிலையில் கேட்க, நமக்கு அவமானமாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்து, சீட்டை எடுத்து அவர் முன்னே வைத்து, “டாக்டரே சரின்னு எழுதிட்டார். உனக்கு மனசுலதான் குறை” என்றோம். அவர் பதில் பேசவில்லை. அதன் பின் ஏழெட்டு மாதம் அசதி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. குணமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வழக்கத்துக்கு மாறாக வீட்டுக்குப் போனோம். மாடிப்படியின் நடுவில், துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவு நேரமா இங்கே இருக்கே?”

“தெரியலைங்க. மேலேயும் ஏற முடியலை, கீழேயும் இறங்க முடியலை.”

“என்கிட்டே சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்க சீட்டைத்தானே எடுப்பீங்க.”

சகோதரர்களே! அந்தச் சொல் நெஞ்சில் விழுந்தபோதுதான் அந்தச் சூரா யாருக்கு எச்சரிக்கை என்று நமக்கு விளங்கிற்று. நமக்கு ஒரு காய்ச்சல் என்றால் வீடு முழுவதும் ஓடிவர வேண்டும். கஞ்சி வேண்டும், கால் பிடிக்க ஆள் வேண்டும். எங்கே சீட்டு என்று யாரும் கேட்கக் கூடாது. நாம் வாங்கிக்கொண்ட அளவு அது. அவருக்கு நாம் கொடுத்ததோ ஒரு துண்டுக் காகிதம்.

அப்படியானால் சீட்டு பொய் சொன்னதா? இல்லை. இருப்புப் புத்தகத்தில் 40 மூட்டை அரிசி என்று இருக்கிறது. கிட்டங்கியில் எண்ணினால் 40 மூட்டை இருக்கிறது. கணக்கு சரி. ஆனால் மூட்டையைப் பிரித்தால் வண்டு! எத்தனை மூட்டை என்ற கேள்விக்குத்தான் புத்தகம் பதில் சொன்னது. உள்ளே இருப்பதைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

டி.எஸ்.எச். என்ற பரிசோதனையும் அத்தகையதே. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஆணை அது. தைராய்டு சுணங்கினால் ஆணை ஏறும்; மாத்திரை போதுமானதாக இருந்தால் இறங்கும். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருப்பதைச் சரி என்கிறார்கள். மாத்திரையின் அளவு பொருந்தியிருக்கிறதா என்று அறிய அது நல்ல எடைக்கல்தான். ஆனால் அசதிக்கு வேறு காரணம் உண்டா என்பதை அது சொல்லாது. மாத்திரை உண்டு, பரிசோதனையும் சரியாக இருப்பவர்களிலே நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை அசதியும் மறதியும் நீங்காமல் இருக்கிறார்கள் என்று வைத்தியர்களே ஒப்புகிறார்கள். ஆகவே ‘எல்லாம் மனசு’ என்பது பொறுப்பில்லாத பேச்சு.

அடுத்த தடவை டாக்டரிடம் வீட்டாரோடு நாமும் போனோம். இரண்டு வாரம் எந்த நேரத்தில் என்ன கஷ்டம், மாத்திரை எப்போது, உறக்கம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் சென்றோம். டாக்டர் பொறுமையாகப் படித்தார். இரத்தசோகை, இரும்புச் சத்து, பி12, சர்க்கரை, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. அதற்கு மருந்து கொடுத்து, தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். சேர்த்து உண்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரிவர ஏறாது. அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பசியாறலும் என்றும் சொன்னார். நோன்பு காலத்தில் எந்த நேரம் உண்பது என்பதை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்கிறோம்.

சில மாதங்களில் அசதியில் பாதி போயிற்று. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது. அதை மறைத்துச் சொல்வதும் ஒருவகை நிறுவை மோசமே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். குணம் போதவில்லை என்று மாத்திரையைத் தாமாகக் கூட்டி உண்ணக் கூடாது. அளவு மிஞ்சினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். இரண்டாவது, ‘இயற்கை தைராய்டு’ என்று தபாலில் வரவழைக்கும் மாத்திரைகளில் பல பன்றியின் சுரப்பியைக் காயவைத்துச் செய்தவை. லெவோதைராக்சின் அப்படியன்று, ரசாயன முறையில் செய்யப்படுவது. வாங்குமுன் விசாரியுங்கள்.

நோய்க்கு மருந்தையும் இறக்கியவன் அல்லாஹ் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மையார் 1919 வரை வாழ்ந்தார். அதற்கு முன் இந்நோய்க்குப் பலன் தரும் மருந்து இருக்கவில்லை. ஆகவே மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு மாறானதல்ல.

கஷ்டத்தைச் சொல்வதும் ஸபுருக்கு மாறானதல்ல. நபி அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள். அல்லாஹ் அந்த முறையீட்டை ஏற்றுத் துன்பத்தை நீக்கினான். அவர்களைப் பொறுமையாளர் என்றும் புகழ்ந்தான். மூல வியாதியுடைய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்து தொழவும், அதுவும் இயலாவிட்டால் சாய்ந்து படுத்துத் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். அல்லாஹ்வின் மார்க்கமே நோயாளியின் இயலாமையை இவ்வளவு நம்பும்போது, கடைக்காரராகிய நாம் அத்தாட்சி கேட்க யார்?

இந்த நிறுவை வீட்டோடு முடிவதன்று. கடைச் சிப்பந்தி ஒருவர் உடம்பு முடியவில்லை என்றால் நம் வாயில் முதலில் வருவது, “எம்.சி. இருக்கா?” என்பதுதான். சீட்டைக் கேளுங்கள், குற்றமில்லை. ஆனால் அதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்து, என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது கடன் புத்தகத்தை நாமே எழுதுகிறோம். துணிக்கூடை மாடிப்படி ஏறுவதில்லை. கீழேயே கொடி கட்டியாயிற்று. வீட்டார் படுத்திருந்தால் உம்மா போர்வையை இழுத்து விடுகிறார்கள். வீட்டாரும் மாலையில் நாம் வந்ததும், “இன்னைக்கு முடியலைங்க” என்று தயங்காமல் சொல்கிறார். அந்தச் சொல் மீண்டும் வீட்டில் கேட்பதே நமக்குப் பெரிய நிஃமத்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு ஷிஃபாவை நல்குவாயாக. உடனிருப்போருக்கு நிறைவாக நிறுக்கும் நெஞ்சைத் தருவாயாக. நாங்கள் குறைத்த நிறுவைகளை மன்னித்தருள்வாயாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.