தேய்மானம் யார் கணக்கில்?

சேலத்தில் எனக்கொரு நண்பர். செவ்வாய்ப்பேட்டையில் கடை, ஃபேர்லேண்ட்ஸில் வீடு. சொந்தக்காரர்கள் எல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே துணிந்து எலெக்ட்ரிக் கார் வாங்கியவர். போன வாரம் போன் செய்தார்.

"வண்டியைத் தள்ளிவிட்டுடலாம்னு பார்க்கறேன்ப்பா. ரெண்டு வருஷத்துல பேட்டரி வாரண்டி முடியுது. அதுக்குள்ள கை மாத்திடணும்."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. புதுசுல ஃபுல் சார்ஜ் போட்டா 200 கிலோமீட்டர் போகும். இப்ப 165 தாண்டறதில்லை. ராசிபுரத்துல ஒரு வாத்தியார் கேட்டிருக்கார். ரொம்ப ஆசையா இருக்கார்."

"165தான்னு அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேட்கலையே!"

கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இதில் தப்பு இருக்கிறதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 'தள்ளிவிடுகிறேன்' என்ற வார்த்தை மட்டும் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. தள்ளிவிடுவது சரி, யார் தலையில்?

முதலில் பேட்டரிமேல் இருக்கிற ஒரு வீண்பயத்தைப் போக்கிவிடுகிறேன். எட்டு வருடம் முடிந்த மறுநாள் காலையில் அது செத்துப்போவதில்லை. 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா கார் வந்தபோது அதில் இருந்தது பழைய காரீய-அமில பேட்டரி. சில வருடங்களில் மாற்றியாக வேண்டும். இன்றைய லித்தியம் பேட்டரி அந்த ஜாதியில்லை. சராசரியாக வருடத்துக்கு 2 சதவீதம் அளவில்தான் அதன் கொள்ளளவு குறைகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தினாலோ, எப்போதும் நூறு சதவீதம் ஏற்றி அப்படியே விட்டுவைத்தாலோ, தினமும் வேக சார்ஜரிலேயே போட்டாலோ இன்னும் கொஞ்சம் சீக்கிரம் குறையும்.

2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் வந்தது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி. வந்தது. இரண்டுக்குமே பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்த முதல் வண்டிகள் 2027, 2028-ல் எட்டு வயதைத் தொடும். என் நண்பரின் கேள்வி அப்போது பல வீடுகளின் கேள்வியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொதுவாக, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் வாரண்டி வாய் திறக்கும். நூறிலிருந்து எழுபது வரைக்குமான தேய்மானம் வண்டி வைத்திருக்கிறவருடையது. எண்பத்திரண்டில் நிற்கிற பேட்டரியை வாத்தியார் வாங்கினால், மிச்சத் தேய்மானம் அவர் பாடு.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் பாடம் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் ஒன்று சொல்வார். "கல்லாப்பெட்டியிலிருந்து பைசா வெளியே போகாது. ஆனாலும் இது செலவு. இதை எழுதலைன்னா நீ காட்டற லாபம் பொய்." அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. எலெக்ட்ரிக் வண்டி ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் போகிறது, யூனிட் எட்டு ரூபாய் என்று வையுங்கள். ஒரு ரூபாய் சில்லறைதான். ஆக, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஐயாயிரம் ரூபாய்! நண்பர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்.

அதெல்லாம் மிச்சமா? ஒரு பேச்சுக்கு, பேட்டரி மாற்ற 4 லட்சம் ஆகும், அது 1,60,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் பேட்டரியின் பங்கு. மிச்சம் என்று நினைத்ததில் பாதி! பேட்டரி கூடுதலாக உழைத்தால் இந்தப் பங்கு குறையும். உலகச் சந்தையில் பேட்டரி விலையும் வருடா வருடம் இறங்கி வருகிறது. ஆனால் எவ்வளவு குறைந்தாலும் அது பூஜ்யமாகாது. அந்தப் பணத்தில் நாம் ஊட்டிக்குப் போய்விட்டு வந்துவிட்டோம்.

பெட்ரோல் வண்டியும் தேயத்தான் செய்கிறது. ஆனால் சத்தம் போட்டுத் தேயும். புகை கக்கும், ஆயில் குடிக்கும், மாதம் ஒரு தொந்தரவு கொடுக்கும். நாமும் திட்டிக்கொண்டே செலவு செய்துவிடுவோம். பேட்டரி வாயே திறக்காது. வீட்டிலும் அப்படித்தானே? வலிக்கிறது என்று சொல்கிறவரை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். சொல்லாமலே அடுப்படியில் நிற்கிறவரைக் கவனிப்பதில்லை. ஒரு நாள் மொத்தமாக பில் வரும்.

இது பேட்டரியோடு நிற்கவில்லை. முன்பு ஹெட்லைட் எரியவில்லை என்றால் தெருமுனை மெக்கானிக் பல்பை மாற்றுவார். இன்று ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் "செட்டோட மாத்தணும் சார்" என்கிறார்கள். பம்பருக்குள் சென்சார், கண்ணாடிக்குள் கேமரா. ரிப்பேர் செலவு ஏறியது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துக்கு அது போய்விட்டது. அதுதான் பெரிய விஷயம்.

1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். 'வாங்குகிறவனே, உஷார்' என்பது அதில் ஒரு தத்துவம். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் அடிப்படை அதுதான்: பார்த்து வாங்குவது உன் பொறுப்பு. நண்பர் சாய்ந்து நின்றது இந்தத் தூணில்தான். ஆனால் அந்தத் தத்துவம், வாங்குகிறவனால் பார்க்க முடியும் என்று நம்பி எழுதப்பட்டது. மூடிப் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிற தேய்மானத்தை ராசிபுரத்து வாத்தியார் எப்படிப் பார்ப்பார்? அவரால் பார்க்க முடியாது என்று தெரிந்த பிறகு, 'கேட்கவில்லையே' என்பது பதிலாகுமா?

லாரிக்குப் பேர்போன ஊர் சங்ககிரி. அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நாற்பது வருடமாக லாரி வைத்திருக்கிறார். பழைய வண்டி வாங்கப் போனால் சேஸிஸில் வெல்டிங் தழும்பைத் தேடுவார், பட்டையைத் தட்டிப் பார்ப்பார், புகையின் நிறம் பார்ப்பார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, ஒவ்வொரு நடைக்கும் டயருக்குன்னு ஒரு காசு தனியா எடுத்து வெச்சிருவனுங்க. அந்தக் காசுல கை வெக்க மாட்டன். அது என்ற காசு இல்லீங்க, டயரோட காசு. அப்படி எடுத்து வெக்காதவன்தானுங்க வண்டியை விக்கறப்ப வாயை மூடிக்குவான்."

ஒரு தேய்மான நிதி என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாம் எடுத்துவைக்காத தேய்மானம் காற்றில் கரைவதில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் கட்டுகிறார். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், உயிர்போன பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்துவிட்டன. செத்த பேட்டரிக்கு ஆள் இருக்கிறது. மூப்படைகிற பேட்டரிக்கு? அது இன்னும் நம் மனசாட்சியின் வசத்தில்தான் இருக்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அரை மனதோடு வாத்தியாருக்கு போன் போட்டு, 165 என்று சொல்லிவிட்டார். நேற்று என்னிடம் கத்தினார். "உன் பேச்சைக் கேட்டேன். அவர் வேண்டாம்னுட்டார். வண்டி இன்னும் என் வாசல்லயேதான் நிக்குது!"

எனக்கும் சங்கடமாகிவிட்டது. சங்ககிரிக்காரரிடம் புலம்பினேன்.

"நிக்கட்டுமுங்க" என்றார். "தெரிஞ்சே வாங்கறவன் ஒருத்தன் வருவானுங்க. வெலை கொஞ்சம் கம்மியாத்தான் கேப்பான். ஆனா வித்ததுக்கப்புறம் அவனை சந்தையில பார்த்தா, உங்க ஃப்ரெண்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போக வேண்டியதில்லைங்களே!"